செங்கல் பொடித் தரை

மே மாதக் கடைசியில் நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ‘களிமண் தரை’ என்ற சொல் தவறாமல் வந்துவிடும். பாரிஸில் பிரெஞ்சு பொது டென்னிஸ் தொடங்கிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம். கோல சிலாங்கூர்ப் பக்கத்து வாசகர் அந்தச் சொல்லைப் படித்ததும் சற்றுத் தயங்கினால் அதில் வியப்பில்லை. களிமண் என்றால் என்னவென்று நமக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. ஜெராம் தொடங்கித் தஞ்சோங் காராங் வரை கடலோரம் நெடுகக் கிடப்பது அதுதான். மண்ணியலாளர்கள் கடற்களிமண் வகை ஒன்றுக்கு ‘சிலாங்கூர்’ என்றே பெயரிட்டிருக்கிறார்கள். மழை பெய்தால் அந்த மண் சப்பாத்தை விடாது. வெயில் காய்ந்தால் பாளம் பாளமாக வெடிக்கும். அதில் பந்தைப் போட்டால் தொப்பென்று விழுந்து அங்கேயே கிடக்கும். அப்படிப்பட்ட மண்ணில் உலகின் தலைசிறந்த ஆட்டக்காரர்கள் ஐந்து மணி நேரம் எப்படி ஆடுகிறார்கள்?

அவர்கள் ஆடுவது களிமண்ணில் இல்லை. பாரிஸ் திடலின் மேலே தெரிகிற அந்தச் சிவப்பு, செங்கல்லை இடித்துச் சலித்த தூள். அதன் கனம் ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர்தான். நகத்தால் கீறினாலே அடியில் வெள்ளை தெரிந்துவிடும். அந்த வெள்ளை, நொறுக்கிய சுண்ணாம்புக் கல். ஒரு கையகலத்துக்குச் சற்றுக் குறைவான கனம். அதற்கும் கீழே நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடு. அதற்கும் கீழே சல்லியும் பருங்கல்லும். ஆட்டத்தைத் தாங்குவது சுண்ணாம்புக் கல். தண்ணீரைப் பிடித்துவைத்து வேண்டியபோது மேலே அனுப்புவது நிலக்கரிக் கசடு. செங்கல் தூளின் வேலை பந்தைப் பிடிப்பதும், காலை வழுக்க விடுவதும், கண்ணுக்கு அடையாளம் காட்டுவதும்.

பெயர் ஏன் பிசகியது என்றால், அது இரண்டு மொழி தாண்டி நம்மிடம் வந்தது. பிரெஞ்சுக்காரர்கள் இந்தத் தரையை ‘தெர் பத்யூ’ என்கிறார்கள். அடித்துக் கெட்டித்த மண் என்று பொருள். ஆங்கிலேயர் அதைக் ‘கிளே’ ஆக்கினார்கள். நாம் ஆங்கிலத்தைப் பார்த்துக் களிமண் என்று எழுதிவிட்டோம். செங்கல்லும் ஒரு காலத்தில் களிமண்தானே என்று யாரேனும் வாதிடலாம். வாதம் சரிதான். ஆனால் சுட்ட மண்ணும் பச்சை மண்ணும் ஒட்டாது என்று நம் பெரியவர்கள் சொல்லிவைத்திருக்கிறார்கள். சூளையில் வெந்த மண் எத்தனை மழை பெய்தாலும் மறுபடி சேறாகாது. அந்த ஒரு குணத்தால்தான் இந்தப் பந்தயமே நடக்கிறது.

வட சிலாங்கூரில் இருப்பவர்கள் இதைப் புரிந்துகொள்ள பாரிஸ் வரை போக வேண்டியதில்லை. பத்து ஆராங்கை நினைத்துப் பார்த்தால் போதும். 1915 முதல் 1960 வரை அங்கே மலாயன் கோலியரீஸ் நிறுவனம் நிலக்கரி வெட்டியது. அதே ஊரில் செங்கல் ஆலையும் நடத்தியது. அந்தச் சூளைகளின் புகைபோக்கிகள் இன்றும் நிற்கின்றன. நிலக்கரிக் கசடு, உடைந்த செங்கல் என்று அங்கே குப்பையாகக் கொட்டப்பட்ட இரண்டையும் சேர்த்தால் பாரிஸ் திடலின் பாதி வந்துவிடுகிறது.

இனி, இந்தத் தரை ஆட்டத்தை என்ன செய்கிறது என்று பார்க்க வேண்டும். இங்கேதான் பலருக்கும் சந்தேகம் வருகிறது. ஆட்டக்காரர் பந்தை நோக்கி ஓடி வந்து கடைசி ஒரு மீட்டரைச் சறுக்கியே கடக்கிறார். தரை அவ்வளவு வழுக்குகிறது என்றால் பந்தும் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும். ஆனால் பந்து வேகம் குறைந்து, உயர எழும்பி, அடித்தவரைக் காத்திருக்க வைக்கிறது. ஒரே தூள் காலுக்கு ஒரு நியாயமும் பந்துக்கு ஒரு நியாயமும் வைத்திருப்பதுபோல் தெரிகிறது.

காரணம் எளிது. மனிதரின் எடை சப்பாத்து முழுக்கப் பரவி நிற்கிறது. அடியில் இருக்கும் செங்கல் மணிகள் குண்டுமணிகளைப் போல உருள, கால் வழுக்குகிறது. பந்து தரையைத் தொடுவதோ ஒரு நொடியின் 200இல் ஒரு பங்கு நேரம். அதற்குள் அது சாய்வாக வந்து தூளை முன்னே தள்ளி, தானே ஒரு சிறு மேட்டைக் குவித்து, அதில் முட்டிக்கொள்கிறது. முன்னோக்கிய வேகத்தில் ஒரு பகுதி அங்கேயே போய்விடுகிறது. இன்னொரு பகுதி மேல்நோக்கித் திரும்புகிறது. புல்தரையில் இந்த முட்டல் இல்லை. புல் வளைந்து வழிவிடுகிறது, பந்து தாழ்வாகப் பாய்கிறது. ஆகவே விம்பிள்டனில் ஒரே அடியில் முடிந்துபோகிற புள்ளி, பாரிஸில் பத்து, பதினைந்து அடி வரைகூட நீளலாம். ஓங்கி சர்வீஸ் போடத் தெரிந்தவருக்குப் புல்தரை உதவும். திரும்பத் திரும்ப ஓடவும், பொறுத்திருக்கவும், பந்தைச் சுழற்றவும் தெரிந்தவருக்குச் செங்கல் தூள் உதவும்.

பீட் சாம்ப்ராஸ் விம்பிள்டனை 7 முறை வென்றார். பாரிஸில் அவரால் 1996இல் அரையிறுதி வரை வந்ததுதான் அதிகம். மறுபக்கம் ரஃபேல் நடால். நிமிடத்துக்கு 3,000 சுற்றுக்கு மேல் சுழலும் அவருடைய முன்கை அடி, தூளைப் பிடித்து எதிராளியின் தோளுயரத்துக்கு எழும்பும். 2005 முதல் 2022 வரை 14 முறை அவர் அங்கே பட்டம் வென்றார். ஆடிய 116 ஆட்டங்களில் தோற்றவை 4. ஒரு தனி மனிதரின் திறமை மட்டும் இந்தக் கணக்கைத் தராது. அவருடைய ஆட்டமும் அந்தத் தரையும் ஒன்றுக்கொன்று அளவெடுத்துத் தைத்ததுபோல் பொருந்தின. 1989இல் 17 வயது மைக்கேல் சாங், முதல்நிலை வீரர் இவான் லெண்டிலை நாலரை மணி நேரத்துக்கு மேல் ஆடித் தோற்கடித்ததையும் இப்படித்தான் புரிந்துகொள்ள வேண்டும். காலில் சதை பிடித்துக்கொண்டு நிற்கவே முடியாத நிலையில் அந்தப் பையன் கையைத் தாழ்த்தி சர்வீஸ் போட்டான். வேகமான தரையில் அப்படி ஒரு பந்து வந்திருந்தால் லெண்டில் அதை முடித்திருப்பார்.

இந்தத் தரை எப்படிப் பிறந்தது என்பதற்கு டென்னிஸ் உலகில் வழங்கிவரும் கதை ஒன்று உண்டு. 1880 வாக்கில் விம்பிள்டன் புகழ் ரென்ஷா சகோதரர்கள் தென்பிரான்சின் கான் நகரில் டென்னிஸ் கற்றுக்கொடுத்தார்கள். புல்தரை அந்த ஊர் வெயிலுக்குக் கருகியது. பக்கத்தில் வல்லோரி என்ற ஊர் மட்பாண்டத்துக்குப் பேர்போனது. அங்கே சூளையில் பிசகிய பானைகளை இடித்து, அந்தத் தூளைக் கருகிய புல்லின் மேல் தூவினார்களாம். வெயிலிலிருந்து புல்லைக் காக்கப் போட்ட தூள், நாளடைவில் தரையாகவே ஆகிவிட்டது. புழுதி அடங்க வாசலில் சாணம் தெளித்துக் கூட்டிய வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும்.

பந்தயம் அதற்குப் பின்னால் வந்தது. 1891இல் பாரிஸில் ஒரே நாளில் முடிந்த சிறு போட்டி அது. பிரெஞ்சுக் கிளப் உறுப்பினர்கள் மட்டுமே ஆடலாம். முதலில் வென்றவர் பிரெஞ்சுக்காரர்கூட இல்லை. பாரிஸில் குடியிருந்த பிரிக்ஸ் என்ற ஆங்கிலேயர். பெண்களுக்கு 1897இல் இடம் கிடைத்தது. வெளிநாட்டு ஆட்டக்காரர்களுக்குக் கதவு திறக்க 1925 ஆகிவிட்டது. அதுவரை அது ஒரு தேசத்தின் உள்வீட்டுப் போட்டிதான். ஆகவே 1891 என்ற ஆண்டை வைத்துக்கொண்டு அன்றே உலகப் போட்டி இருந்ததுபோல் எழுதுவது சரியில்லை.

திடல் வந்த கதைக்கு ஒரு வெற்றி காரணம். 1927இல் ‘மஸ்கெட்டியர்கள்’ என்று அழைக்கப்பட்ட நான்கு பிரெஞ்சு வீரர்கள், கொஷே, லகோஸ்த், பொரோத்ரா, ப்ரூஞோன், அமெரிக்காவுக்கே போய் டேவிஸ் கோப்பையைப் பறித்து வந்தார்கள். மறு ஆண்டு கோப்பையைச் சொந்த மண்ணில் காக்க வேண்டும். வருகிற கூட்டத்துக்குப் பாரிஸில் அரங்கம் இல்லை. ஸ்தாத் ஃபிரான்ஸே என்ற கிளப், போர்த் தொத்தேய் பகுதியில் இருந்த தன் நிலத்தைக் கொடுத்தது. ஒரு நிபந்தனை வைத்தது. போரில் இறந்த தன் உறுப்பினர் ஒருவரின் பெயரை அரங்கத்துக்கு வைக்க வேண்டும். அந்த உறுப்பினரின் பெயர் ரோலண்ட் கரோஸ். கிளப் தலைவர் எமில் லெசியூர் அவருடன் ஒன்றாகப் படித்தவர். 1928இல் அரங்கம் திறந்தது. பிரான்ஸ் கோப்பையைக் காத்துக்கொண்டது. 1932 வரை விடவும் இல்லை.

இரண்டாவது தெளிவு இங்கே தேவைப்படுகிறது. ரோலண்ட் கரோஸ் டென்னிஸ் சாம்பியன் என்று நினைப்பவர்கள் ஏராளம். அவர் விமானி. 1913 செப்டம்பர் 23 அன்று மத்தியதரைக் கடலை நடுவே இறங்காமல் பறந்து கடந்த முதல் மனிதர். முதல் உலகப் போரில் எதிரிகளிடம் பிடிபட்டு, மூன்று ஆண்டு சிறையிலிருந்து தப்பி, மறுபடி விமானம் ஏறி, 1918 அக்டோபர் 5 அன்று சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் அவருக்கு 30 வயது நிறைந்திருக்கும்.

அவர் பிறந்த ஊரைப் பற்றி நம் பத்திரிகைகள் எழுதிப் பார்த்ததில்லை. எழுத வேண்டிய செய்தி அது. 1888இல் அவர் பிறந்தது இந்தியப் பெருங்கடலில் உள்ள ரீயூனியன் தீவின் சான் தெனி நகரில். பிரெஞ்சுக்காரர்களின் கரும்புத் தோட்டத் தீவு. 1848இல் அங்கே அடிமை முறை ஒழிந்ததும், தோட்டங்களுக்கு ஆள் வேண்டிப் புதுச்சேரி, காரைக்கால் வழியாகத் தமிழர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றினார்கள். 1882இல் பிரிட்டிஷ் இந்திய அரசு அந்த ஆளேற்றத்தை நிறுத்தியது. அதற்கு ஆறு ஆண்டு கழித்து கரோஸ் பிறந்தபோது தீவின் தோட்டங்களெங்கும் நம்மவர்கள் இருந்தார்கள். அவர்களுடைய கோயில்கள் இன்றும் அங்கே இருக்கின்றன, தீமிதி நடக்கிறது. பத்தாங் பெர்ஜுந்தையின் லயங்களுக்கு வந்து இறங்கிய நம் பாட்டன்மாரும் ரீயூனியனில் இறங்கியவர்களும் வேறு வேறு கப்பல் ஏறிய ஒரே சனங்கள். அந்தத் தீவுக்காரர் ஒருவரின் பெயரைத்தான் பாரிஸ் அரங்கம் தாங்கி நிற்கிறது.

போர்க்காலத்தைப் பற்றியும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 1939இலும் 1940இலும் அந்த அரங்கத்தில் அயல்நாட்டவரைப் பிடித்து அடைத்து வைத்தார்கள். எழுத்தாளர் ஆர்தர் கெஸ்லர் அப்படி அடைபட்டவர்களில் ஒருவர். அதைப் பற்றி எழுதியும் இருக்கிறார். ஜெர்மானியரின் பிடியில் பிரான்ஸ் சிக்கிய பிறகு, 1941 முதல் 1945 வரை நடந்த போட்டிகளை இன்று அதிகாரபூர்வக் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் தோட்டங்களிலிருந்து ஜப்பானியர் ஆட்களைச் சயாம் ரயில் பாதைக்குக் கொண்டுபோனதும் அந்த ஆண்டுகளில்தான்.

1968இல் மற்றொரு திருப்பம். அதுவரை சம்பளத்துக்கு ஆடுகிற தொழில்முறை வீரர்களைப் பெரிய போட்டிகளில் சேர்க்கமாட்டார்கள். நான்கு கிராண்ட் ஸ்லாம் போட்டிகளில் முதலில் அந்தத் தடையை எடுத்தது பாரிஸ். ‘பொது’ என்ற சொல்லின் பொருள் அதுதான். மாணவர் கிளர்ச்சியும் வேலைநிறுத்தமும் நகரையே முடக்கியிருந்த நாட்களில் கென் ரோஸ்வால் பட்டம் வென்றார்.

தமிழர்களுக்கு அங்கே என்ன பங்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் உண்டு. ராமநாதன் கிருஷ்ணன் 1962இல் பாரிஸில் காலிறுதி வரை ஆடினார். அவர் மகன் ரமேஷ் கிருஷ்ணன் 1979இல் இளையோர் பட்டத்தை வென்றார். அதே ஆண்டு விம்பிள்டன் இளையோர் பட்டமும் அவருக்கே. சென்னையில் பிறந்த மகேஷ் பூபதி 1997இல் ஜப்பானின் ரிக்கா ஹிராக்கியுடன் கலப்பு இரட்டையரில் வென்றபோது, கிராண்ட் ஸ்லாம் பட்டம் பெற்ற முதல் இந்தியர் ஆனார். அது நடந்ததும் இந்தச் செங்கல் தூளின் மேல்தான்.

இனி நம் பக்கம். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு டென்னிஸ் என்றாலே துரை பங்களாதான் நினைவுக்கு வரும். பங்களாவை ஒட்டிய திடலில் சாயங்காலம் துரைமார் ஆடுவார்கள். உருளை இழுப்பதும், கோடு போடுவதும், வேலிக்கு வெளியே போன பந்தைப் பொறுக்கி வருவதும் நம்மவர்களின் வேலை. அந்தத் திடலில் நம் பிள்ளைகள் மட்டையைப் பிடித்து ஆடினதில்லை. இந்த ஆட்டம் நம்முடையது இல்லை என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. அந்த எண்ணத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அது முழுக் கணக்கு இல்லை.

பந்தை எடுத்துக்கொள்ளுங்கள். புல்வெளி டென்னிஸுக்கு விங்ஃபீல்ட் என்ற பிரிட்டிஷ்காரர் 1874இல் காப்புரிமை பெற்றார். அதற்கு முன் துணியும் மயிரும் அடைத்த பந்து கல்தரையில் எழும்புமே தவிர, புல்லிலும் மண்ணிலும் எழும்பாது. உள்ளீடற்ற ரப்பர்ப் பந்து வந்த பிறகுதான் ஆட்டம் வெளித் திடலுக்கு வந்தது. இன்றைய விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடப்படும் பந்து 135க்கும் 147க்கும் இடையில் எழும்ப வேண்டும். அந்த எழுச்சியைத் தருவது ரப்பர். 1928இல் ரோலண்ட் கரோஸ் அரங்கம் திறந்தபோது உலகின் ரப்பரில் பாதிக்கு அருகில் மலாயாவிலிருந்து போய்க்கொண்டிருந்தது. டன்லப் நிறுவனம் மலாயாவில் தோட்டம் வைத்திருந்தது. டென்னிஸ் பந்தும் செய்தது. இருட்டோடு பிரட்டுக்கு நின்று, விடியலில் மரம் வெட்டி, மங்கில் வடிந்த பாலைச் சுமந்துபோய் ஸ்டோரில் கொட்டியவர்கள் அந்தப் பந்தின் கதையில் இருக்கிறார்கள். டென்னிஸ் வரலாறு எழுதுகிறவர்கள் கோடீஸ்வரக் கிளப்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதும்போது இவர்களுக்கு ஒரு பத்தியாவது ஒதுக்க வேண்டும்.

பிரான்சுக்கும் இந்த வட்டாரத்துக்கும் நேரடி உறவே இருந்தது. 1905இல் ஆன்ரி ஃபொகொனியே என்ற பிரெஞ்சு இளைஞர் மலாயா வந்து, கோல சிலாங்கூர் வட்டாரத்து ரந்தாவ் பாஞ்சாங்கில் நிலம் எடுத்து ரப்பர் போட்டார். சுமத்ராவிலிருந்து செம்பனை விதை கொண்டுவந்தார். 1917இல் தென்னமரம் தோட்டத்தில் போட்டது நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம். இன்று நம் வட்டாரத்தை மூடியிருக்கும் செம்பனைக் காடு அங்கிருந்து தொடங்கியது. அவர் எழுதிய ‘மலேசி’ நாவலில் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்கள் வருகிறார்கள். 1930இல் அந்த நூலுக்கு பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. பாரிஸ் வாசகர்கள் புதிய அரங்கில் டென்னிஸ் பார்த்த அதே நாட்களில், வட சிலாங்கூரின் பால்மரக் காட்டைப் பற்றியும் படித்தார்கள்.

பிறகு ஏன் நம் நாட்டில் செங்கல் தூள் திடலைக் காண்பது அரிதாக இருக்கிறது? மழை ஒரு காரணம். தூள் தரைக்கு ஈரம் வேண்டும், வெள்ளம் ஆகாது. பாரிஸில் காலையில் தண்ணீர் தெளித்து, வலையை இழுத்துச் சமன் செய்து, செட் முடியும்போதெல்லாம் திரும்பவும் வலை இழுத்துக் கோடுகளைத் துடைப்பத்தால் துடைக்கிறார்கள். மாலை தவறாமல் கொட்டுகிற நம் மழையில் அந்த மெல்லிய தூள் நாலு நாளில் ஓரத்து ஓடைக்குப் போய்விடும். திரும்பத் திரும்பக் கொட்ட ஆளும் காசும் வேண்டும். ஆகவே இங்கே சிமெண்டின் மேல் சாயம் பூசிய கடினத் தரைகளே அதிகம். 2009 முதல் 2015 வரை கோலாலம்பூரில் நடந்த மலேசியப் பொதுப் போட்டியும் கூரைக்கு அடியில், கடினத் தரையில்தான் நடந்தது.

இந்தப் பந்தயத்தைப் பற்றிப் பேசும்போது வரும் ‘கோடை’ என்ற சொல்லும் நமக்கு இடிக்கிறது. ஆண்டு முழுக்க ஒரே வெயில் உள்ள ஊரில் கோடைப் போட்டி என்றால் என்ன? பாரிஸில் மே கடைசி, ஜூன் தொடக்கம் என்பது குளிர் விலகி வெயில் ஏறும் காலம். வெயில் அடித்தால் தூள் காய்ந்து பந்து பறக்கும். மழை தூறினால் பந்தின் கம்பளி நனைந்து, தூள் ஒட்டிக்கொண்டு, கல்லாகக் கனக்கும். காலையில் ஒரு தரை, மாலையில் வேறு தரை. நோய்த்தொற்றுக் காலத்தில் 2020 போட்டியைச் செப்டம்பர் கடைசிக்குத் தள்ளிவைத்தபோது குளிரில் பந்து எழும்பவில்லை என்று ஆட்டக்காரர்கள் குறைப்பட்டார்கள்.

இனி இந்தப் பத்தியில் ‘களிமண் தரை’ என்று எழுதமாட்டோம். ‘செங்கல் பொடித் தரை’ என்றே எழுதுவோம். மற்ற பத்திரிகை நண்பர்களும் யோசித்துப் பார்க்க வேண்டும். சொல் நீளம்தான். ஆனால் பள்ளிப் பிள்ளை படித்ததும் தரை கண்ணுக்குத் தெரியும்.

பாரிஸுக்கும் நமக்கும் ஆறு மணி நேர வித்தியாசம். அங்கே பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும் இறுதி ஆட்டம் இங்கே இரவு 9 மணிக்கு. 2025இல் அல்கராஸும் சின்னரும் ஆடிய இறுதி 5 மணி 29 நிமிடம் நீண்டது. அந்த அரங்கின் மிக நீண்ட இறுதி ஆட்டம் அது. இங்கே கண் விழித்துப் பார்த்தவர்களுக்கு அதிகாலை இரண்டரை மணியைத் தாண்டிவிட்டது. அப்படி விழித்திருக்கும் இரவில் ஒன்றைக் கவனியுங்கள். மற்ற மூன்று பெரிய போட்டிகளிலும் பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்பதை இப்போது கேமரா சொல்கிறது. பாரிஸில் 2025 வரைக்கும் அந்த வேலை மனிதர்களிடமே இருந்தது. ஆட்டக்காரர் கையை நீட்டித் தகராறு செய்வார். நடுவர் உயர்ந்த நாற்காலியிலிருந்து இறங்கி, நிதானமாக நடந்து, கோட்டருகே குனிவார். பந்து விழுந்த இடத்தில் முட்டை வடிவில் ஒரு தடம் பதிந்திருக்கும். தடத்துக்கும் கோட்டுக்கும் நடுவே சிவப்புத் தூள் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் பந்து வெளியே. தெரியாவிட்டால் உள்ளே. விரலால் சுட்டிக் காட்டிவிட்டுத் திரும்பி நடப்பார்.